ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்: படகும் லைஃப் ஜாக்கெட்டும்

போன இதழில் விடுமுறைப் படகுச் சவாரி பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் எழுதும்போது, கடைசியில் "லைஃப் ஜாக்கெட் போட மாட்டேன் என்பவரைப் படகில் ஏற்றாதீர்கள், அவர் உங்கள் மாமனாராகவே இருந்தாலும் சரி" என்று ஒரு வரி சேர்த்திருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. சிலர் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள், சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள், ஒரு மாமனாரும் எழுதியிருக்கிறார். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் இதற்கே.

கே: முப்பது வருடமாக நீந்துகிறேன். ஏரியைக் குறுக்கே கடந்திருக்கிறேன். என்னைப் போன்றவனும் அந்த ஆரஞ்சு மூட்டையைக் கட்டிக்கொள்ளத்தான் வேண்டுமா? — நீங்கள் குறிப்பிட்ட அந்த மாமனார்

ப: ஐயா, உங்கள் நீச்சலில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. ஆனால் ஏரியைக் கடந்த அன்று நீங்கள் நீச்சல் உடையில் இருந்திருப்பீர்கள், காலை நனைத்து, தோளை நனைத்து உடம்பைப் பழக்கியிருப்பீர்கள், நீங்களாகப் பார்த்துத் தேர்ந்த நேரத்தில் இறங்கியிருப்பீர்கள். படகிலிருந்து விழுகிறவருக்கு இதில் ஒன்றுகூடக் கிடைப்பதில்லை. சட்டையும் பேண்ட்டுமாக, பேசிக்கொண்டிருந்த வாக்கியம் பாதியில் நிற்க, தலைகீழாகவோ பக்கவாட்டிலோ விழுவார். விழும்போது படகின் விளிம்பில் தலை இடித்திருந்தால் முப்பது வருட நீச்சல் எந்த மூலைக்கு?

தலை இடிக்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தண்ணீர் குளிர்ந்திருந்தால், 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் முக்கியமாக, உடம்பு உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்யும். வாயைத் திறந்து பெரிதாக மூச்சை இழுக்கும். அந்த நொடியில் முகம் தண்ணீருக்குள் இருந்தால் இழுப்பது காற்றாக இருக்காது. நன்றாக நீந்துகிறவர்கள் கரைக்குப் பத்து அடி தூரத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் மூழ்கிப்போவதற்கு இது ஒரு பெரிய காரணம். கனடாவில் மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்டன் கீஸ்பிரெக்ட், ஆராய்ச்சிக்காகத் தானே பனித்தண்ணீரில் பலமுறை இறங்கியவர், இதை 1-10-1 என்று மூன்று எண்களில் சொல்வார். மூச்சை வசப்படுத்த 1 நிமிடம், கையும் காலும் உருப்படியாக வேலை செய்ய 10 நிமிடம், குளிரில் நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். கேட்க நிதானமான கணக்காகத் தோன்றும். ஆனால் முதல் நிமிடத்தில் முகம் மேலே இருந்தால்தான் மற்ற இரண்டு எண்களுக்கே வேலை. அந்த நிமிடத்தில் முகத்தை மேலே வைத்திருக்க உங்களால் முடியாமல் போகலாம், ஜாக்கெட்டால் முடியும்.

எண்ணிக்கையும் சொல்கிறேன். பொழுதுபோக்குப் படகு விபத்துகளை வருடா வருடம் விவரமாகத் தொகுத்து வெளியிடுகிற அமைப்புகளில் அமெரிக்கக் கடலோரக் காவல்படையும் ஒன்று. 2023-இல் அவர்கள் கணக்கில் 564 பேர் இறந்தார்கள், 2,126 பேர் காயமடைந்தார்கள். சாவுக்குக் காரணம் தெரிந்தவர்களில் நான்கில் மூன்று பேர் மூழ்கி இறந்தவர்கள். அப்படி மூழ்கியவர்களில் 87 சதவீதம் பேர் ஜாக்கெட் போடவில்லை. அந்தப் பட்டியலில் நீச்சல் தெரிந்தவர்கள் இல்லாமலா இருப்பார்கள்?

கே: எங்கள் படகில் சீட்டுக்கு அடியில் எல்லோருக்கும் ஜாக்கெட் இருக்கிறது. சட்டப்படி அது போதும். ஆபத்து வந்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாமே? — படகுச் சொந்தக்காரர்

ப: பல இடங்களில் சட்டம் அவ்வளவுதான் கேட்கிறது, உண்மை. தண்ணீர் அதைவிடக் கறாரானது.

சொந்த அனுபவம் ஒன்று. வருடங்களுக்கு முன் ஒரு படகுப் பயிற்சியில் சேர்ந்தேன். இரண்டாம் நாள் பயிற்சியாளர் எங்களை ஒரு நீச்சல் குளத்தின் ஆழமான பக்கத்தில் நிற்க வைத்து, ஆளுக்கொரு ஜாக்கெட்டைத் தண்ணீரில் வீசிவிட்டு, "குதித்துப் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார். நல்ல வெயில், தெளிந்த தண்ணீர், அலை இல்லை, அவசரம் இல்லை, மேலே நின்று சிரிக்க நாலு பேர். இதைவிடச் சொகுசாக யாரும் மூழ்க முடியாது.

ஜாக்கெட்டைப் பிடித்தேன். ஒரு கையை நுழைத்ததும் அது திரும்பிப் படுத்துக்கொண்டது, மிதப்பதுதானே அதன் வேலை, என் தோளுக்குக் கீழே வர அதற்கு விருப்பமில்லை. இரண்டாவது கையை நுழைக்க முதல் கையால் அமுக்க வேண்டும், அப்படி அமுக்கினால் நீந்தக் கை இல்லை, காலை மட்டும் உதைத்துக்கொண்டு மூக்கு வரை தண்ணீரில். எப்படியோ இரண்டு கையும் உள்ளே போனால் ஜாக்கெட் காது வரை ஏறி நின்றது. ஜிப்பின் இரண்டு முனையும் தண்ணீருக்கடியில், கண்ணுக்குத் தெரியாமல், விரலுக்கு மட்டும் தெரிகிற மாதிரி. ஜிப்பை விட்டுவிட்டுக் கொக்கியைத் தேடினால் இடது பக்கப் பட்டை முதுகுக்குப் பின்னால் முறுக்கிக் கிடந்தது. கொக்கி 'க்ளிக்' என்று விழுந்தபோது நான் மூன்று வாய் குளோரின் தண்ணீர் குடித்திருந்தேன். எங்கள் குழுவில் எட்டுப் பேர், இரண்டு பேர் கடைசி வரை போடவே இல்லை, ஜாக்கெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள்.

அது பகல், அது குளம். கவிழ்ந்த படகுக்கு அடியில், கிட்டத்தட்ட இருட்டில், பக்கத்தில் குழந்தை அலற, ஈரம் ஏறி ஊறிப்போன சீட்டுப் பெட்டியைத் திறந்து, அதற்குள் ஒன்றோடொன்று பட்டை சிக்கிக் கிடக்கும் ஆறு ஜாக்கெட்டுகளைப் பிரித்து… சரி, விடுங்கள். எப்போதாவது அப்படி மாட்டிக்கொண்டால் போட முயன்று நேரத்தை வீணாக்காதீர்கள், மார்போடு அணைத்துக்கொண்டு மிதங்கள். போடுவதென்றால் கரையில் போடுங்கள்.

கே: கரை கண்ணெதிரே தெரிகிறது, ஆழமும் கம்மி. சின்ன ஏரியில்கூடவா? — ஒரு வாசகி

ப: ஆழம் எவ்வளவு இருந்தால் என்னம்மா, உங்கள் மூக்குக்கு மேலே ஒரு விரற்கடை இருந்தால் போதுமே. உல்லாசப் பயணம் போகக் கிளம்பிய ஈஸ்ட்லேண்ட் என்ற கப்பல் 1915 ஜூலை 24 அன்று சிகாகோ ஆற்றில் கவிழ்ந்து 844 பேர் இறந்தார்கள். அது அப்போது கரையை விட்டுக் கிளம்பவே இல்லை. துறையில் கட்டிக் கிடந்தபடியே ஒரு பக்கம் சாய்ந்து படுத்துவிட்டது. (டைட்டானிக்குக்குப் பிறகு பாதுகாப்புக்கென்று கூடுதலாக ஏற்றிய உயிர்காப்புப் படகுகளே அதன் தலைக்கனத்தைக் கூட்டிவிட்டன என்பது இதில் கசப்பான விஷயம்.) தேக்கடியில் 2009-இல் 45 பேரைப் பலிகொண்ட படகில், விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகக் குவிந்ததும் படகு சாய்ந்தது. போட்டோ எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் எழுந்து ஓடுவது எந்த நாட்டுப் படகிலும் நடப்பதுதான். அமெரிக்கக் கணக்கிலும் மூழ்கி இறப்பவர்களில் பெரும்பாலோர் 21 அடிக்கும் குறைவான சின்னப் படகுகளில் போனவர்கள். சின்னப் படகில் ஒருவர் எழுந்து நின்றாலே போதும், மீனைத் தூக்கவோ, நங்கூரத்தை இழுக்கவோ, சும்மா சோம்பல் முறிக்கவோ.

கே: என் மகளுக்கு நாலு வயது. ஜாக்கெட் போட்டால் கன்னம் வரை ஏறி வந்துவிடுகிறது, அழுகிறாள். அடுத்த வருடத்துக்கும் ஆகட்டும் என்று ஒரு அளவு பெரிதாக வாங்கியது தப்பா? — ஒரு அப்பா

ப: தப்புதான் சார். பள்ளிச் சீருடையை அப்படி வாங்கலாம், இதை வாங்கக் கூடாது. பெரிய ஜாக்கெட் தண்ணீரில் மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவிக் கீழே போகும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஜாக்கெட்டைப் போட்டு எல்லாக் கொக்கியையும் இறுக்கிவிட்டு, இரண்டு தோள்பட்டையையும் பிடித்துக் குழந்தையை மெல்லத் தூக்குங்கள். முகவாயும் காதும் ஜாக்கெட்டுக்குள் புதைந்தால் அது அவளுக்கு ஆகாது. லேபிளில் இத்தனை கிலோவிலிருந்து இத்தனை கிலோ வரை என்று அச்சடித்திருப்பார்கள், வயதைப் பார்க்காதீர்கள், எடையைப் பாருங்கள். சின்னக் குழந்தைகளின் ஜாக்கெட்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும். தலையைத் தாங்கும் காலர், காலுக்கு நடுவே வந்து பூட்டுகிற பட்டை, பின்கழுத்தில் ஒரு கைப்பிடி. இந்தக் கைப்பிடியின் அருமை, தண்ணீரிலிருந்து ஒரு குழந்தையை ஒரு கையால் தூக்க வேண்டி வந்தவருக்குத்தான் தெரியும். காலுக்கு நடுவே வருகிற பட்டை உறுத்துகிறது என்று பல பெற்றோர் பூட்டாமல் தொங்கவிடுகிறார்கள். ஜாக்கெட்டை மேலே ஏறவிடாமல் பிடித்துவைப்பதே அதுதான்.

அழுகைக்கு மருந்து பழக்கம். இடுப்பளவு தண்ணீரில், நீங்கள் பிடித்துக்கொண்டு, முதலில் விளையாட்டாகப் போட்டுக் காட்டுங்கள். ஜாக்கெட் குழந்தையை மல்லாக்கத் திருப்பப் பார்க்கும், அது தெரியாத குழந்தை பயந்து எழுந்து நிற்க முயலும். ஒருமுறை வானத்தைப் பார்த்து மிதக்கப் பழகிவிட்டால் அப்புறம் கழற்ற மாட்டேன் என்று அழுவாள். கையில் மாட்டுகிற காற்றுப் பை, வாத்துத் தலை வைத்த வளையம் இதெல்லாம் பொம்மை, அதை ஜாக்கெட் கணக்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்காவில் 13 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் ஓடுகிற படகில், மேல்தளத்தில் இருக்கும் வரை, ஜாக்கெட் போட்டே ஆக வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. பெரியவர்களுக்கு அப்படி ஒரு பொது விதி இல்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். பெரியவர் மூழ்கினால் அந்தக் குழந்தையைப் படகிலிருந்து யார் இறக்குவது?

கே: நான் 110 கிலோ. மெலிந்த ஜாக்கெட் என்னை எப்படித் தாங்கும்? — கனமான வாசகர்

ப: உங்களைவிட உங்கள் ஒல்லியான நண்பருக்குத்தான் அது அதிகம் உழைக்க வேண்டியிருக்கும்! மனித உடம்பின் அடர்த்தி ஏறக்குறைய தண்ணீரின் அடர்த்திதான், அதனால் ஆர்க்கிமிடீஸ் புண்ணியத்தில் உடம்பின் பெரும் பாரத்தைத் தண்ணீரே சுமந்துகொள்கிறது. மிச்சம் இருப்பது தலையை மேலே நிறுத்தும் வேலை மட்டும், அதற்குப் பெரும்பாலான பெரியவர்களுக்கு 3 முதல் 5 கிலோ வரை கூடுதல் தூக்கு விசை போதும். கொழுப்பு மிதக்கும், தசையும் எலும்பும் அமிழும், ஜிம் உடம்புக்காரர்கள் கல்லு மாதிரி இறங்குவது அதனால்தான்.

ஜாக்கெட்டில் 50, 100, 150, 275 என்று நியூட்டன் கணக்கு போட்டிருக்கும். 10 நியூட்டன் என்றால் சுமார் 1 கிலோ தூக்கு விசை என்று வைத்துக்கொள்ளுங்கள். 50 என்பது நீந்தத் தெரிந்தவர் கரைக்குப் பக்கத்தில், உடனே கைகொடுக்க ஆள் இருக்கிற இடத்தில் போடுவது, கயாக் ஓட்டுகிறவர்கள் விரும்புவது. நினைவு தப்பியவரை அது மல்லாக்கத் திருப்பும் என்று நம்பக் கூடாது. 100 அமைதியான தண்ணீருக்கு, 150 கடலுக்கு, 275 கனமான உடையும் கருவியும் சுமப்பவருக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது எடையை இல்லை, மார்புச் சுற்றளவை. பூட்டினால் மூச்சு விட முடிய வேண்டும், தோளைப் பிடித்து மேலே இழுத்தால் முகவாய்க்கு ஏறக் கூடாது, அவ்வளவுதான்.

கே: தாத்தா காலத்து ஜாக்கெட்டுகள் நாலு பரணில் இருக்கின்றன. பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. — பழையதை எறிய மனம் வராதவர்

ப: 'பார்க்க நன்றாகத்தான்' என்று படித்ததும் எனக்கு ஜெனரல் ஸ்லோகம் ஞாபகம் வந்தது. 1904 ஜூன் 15, நியூயார்க்கின் ஈஸ்ட் ஆற்றில், தேவாலயச் சுற்றுலா போன பெண்களும் குழந்தைகளுமாக நிறைந்திருந்த நீராவிக் கப்பல் அது. தீப்பிடித்தது. தலைக்கு மேலே வரிசையாகக் கட்டித் தொங்கவிட்ட தக்கை ஜாக்கெட்டுகள் நிறையவே இருந்தன, 13 வருடமாக வெயிலிலும் மழையிலும் அப்படியே தொங்கியவை. இழுத்ததும் துணி கிழிந்து தக்கை தூளாகக் கொட்டியது. தாய்மார்கள் குழந்தைகளுக்குக் கட்டித் தண்ணீரில் விட்டார்கள், குழந்தைகள் கட்டியபடியே மூழ்கினார்கள். சில ஜாக்கெட்டுகளில், விதிப்படி எடை காட்ட வேண்டும் என்பதற்காகத் தக்கைக்கு நடுவில் இரும்புத் துண்டு செருகியிருந்தார்கள் என்று பிறகு வழக்கே நடந்தது. 1,021 பேர் இறந்தார்கள்.

நல்ல தக்கை என்ன செய்யும் என்பதற்கும் கதை இருக்கிறது. இங்கிலாந்தின் மீட்புப் படகு அமைப்பில் ஆய்வாளராக இருந்த கேப்டன் வார்ட் 1854-இல் தக்கை ஜாக்கெட்டை வடிவமைத்தார். 1861 பிப்ரவரி 9 அன்று விட்பி துறையில் ஒரே புயலில் பலமுறை போய் ஆட்களைக் காப்பாற்றிய மீட்புப் படகு கடைசித் தடவை கவிழ்ந்தது. பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் போய்விட்டார்கள். பிழைத்த ஒரே ஆள் ஹென்றி ஃப்ரீமன், அந்தப் புதுத் தக்கை ஜாக்கெட்டைப் போட்டிருந்த ஒரே ஆளும் அவர்தான்.

தக்கைக்குப் பிறகு ஜாக்கெட்டுக்குள் போனது என்ன தெரியுமா? தலையணையில் அடைக்கிற அதே இலவம்பஞ்சு. மெழுகு பூசிய மாதிரி தண்ணீரை ஒட்டவிடாத பஞ்சு, அருமையாக மிதக்கும், ஆனால் அதன் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து அமுக்கிவிட்டாலோ எண்ணெய் பட்டாலோ போச்சு. இப்போதைய நுரை ஜாக்கெட்டுக்கும் அமுக்குவது எதிரிதான். உங்கள் பரண் ஜாக்கெட்டை எடுத்து நுரையை அழுத்திப் பாருங்கள், திரும்ப எழும்ப வேண்டும். கட்டியாகவோ மொறமொறவென்றோ இருந்தால், துணி வெளுத்து நகத்தால் கிழிகிற மாதிரி இருந்தால், கொக்கியில் கீறல் இருந்தால் வெட்டிப் போட்டுவிடுங்கள். வெட்டாமல் வைத்தால் யாராவது எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். நன்றாக இருந்தால் ஆழமில்லாத தண்ணீரில் போட்டு மிதந்து பார்த்த பிறகு வையுங்கள். ஜாக்கெட்டை மெத்தையாகப் போட்டு உட்காருகிற வழக்கத்தையும் இன்றோடு நிறுத்துங்கள்.

கே: இடுப்பு பெல்ட் மாதிரி மெலிதாக, தண்ணீர் பட்டதும் ஊதிக்கொள்கிற ஜாக்கெட் வந்திருக்கிறதே, நல்லதா?

ப: நல்லது, பராமரிக்கிறவருக்கு. புழுக்கத்தில் நுரை ஜாக்கெட் போட அலுத்துக்கொள்கிறவர்கள் இதையாவது போடுகிறார்கள் என்பதால் எனக்கு இதன் மேல் மரியாதை உண்டு. உள்ளே கரியமில வாயு அடைத்த சின்ன சிலிண்டர், தானியங்கி வகைகள் பலவற்றில் தண்ணீரில் கரைகிற ஒரு மாத்திரை. அது கரைந்ததும் ஊசி சிலிண்டரைக் குத்தும், பை ஊதிக்கொள்ளும். கையால் கயிறை இழுக்க வேண்டிய வகையும் உண்டு, நினைவில்லாமல் விழுந்தவர் கயிறை இழுக்க மாட்டார் என்பதை மறக்க வேண்டாம். இடுப்பில் கட்டுகிற வகை ஊதியதும் தலை வழியாக மாட்ட வேண்டியிருக்கும், அதையும் பழகிப் பாருங்கள்.

சிலிண்டரைச் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தால் அதன் மேல் அச்சடித்த எடை வர வேண்டும், குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது. ஒருமுறை வெடித்த சிலிண்டரை மாற்றாமலே மடித்து வைத்த ஜாக்கெட்டுகளை நான் பார்த்திருக்கிறேன், பார்வைக்குப் புதுசு மாதிரியே இருக்கும். கோட்டுக்கு உள்ளே போடாதீர்கள், ஊதும்போது நெஞ்சை நெரிக்கும். 16 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கும், நீச்சலே தெரியாதவருக்கும், ஜெட் ஸ்கி ஓட்டுகிறவருக்கும் இது வேண்டாம், அவர்களுக்கு நுரைதான்.

கே: கூரை போட்ட படகு கவிழ்ந்தால் ஜாக்கெட் நம்மைக் கூரையோடு ஒட்டவைத்துவிடாதா? எல்லோரும் போடு போடு என்கிறீர்கள், இதை ஒருவரும் பேசுவதில்லை. — சண்டைக்கு வந்தவர்

ப: வந்ததற்கு நன்றி, நியாயமான சண்டை. 1999-இல் ஆர்கன்சாவில் மிஸ் மெஜஸ்டிக் என்ற சுற்றுலாப் படகு, தரையிலும் தண்ணீரிலும் ஓடுகிற வகை, மூழ்கி 13 பேர் இறந்தபோது அவர்களில் ஏழு பேர் கூரைக்கடியிலேயே சிக்கியிருந்தார்கள். கூரையை எடுங்கள், தண்ணீர் புகுந்தாலும் மிதக்கிற மாதிரிச் செய்யுங்கள் என்று விசாரணை வாரியம் சொன்னது. பல படகுகளில் செய்யவில்லை. 2018 ஜூலை 19 அன்று மிசௌரியின் பிரான்சனில் அதே வகைப் படகு புயல் காற்றில் மூழ்கியது, 31 பேரில் 17 பேர் இறந்தார்கள்.

ஆக, நீங்கள் சொல்லும் ஆபத்து உண்மை. ஆனால் அதில் குற்றவாளி கூரை. நான் செய்வது இதுதான். நாலு பக்கமும் திரையோ கண்ணாடியோ அடைத்த படகாக இருந்தால் திறந்த பக்கம் ஓரமாக உட்காருவேன், ஏறும்போதே எந்த வழியாக வெளியே போவது என்று பார்த்து வைப்பேன், வானம் கறுத்தால் ஏறவே மாட்டேன். படகுக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். திறந்த படகில் இந்த வாதத்தைச் சொல்லி ஜாக்கெட்டைத் தவிர்க்க நினைத்தால் மட்டும் உங்களோடு நான் சேர மாட்டேன்.

கே: மூழ்குவதையே பேசுகிறீர்கள். என் தம்பிக்குக் காலில் படகு விசிறி வெட்டி 40 தையல். அதைப் பற்றியும் எழுதுங்கள். — ஒரு அக்கா

ப: தம்பி தேறி வரட்டும். எஞ்சின் விசிறி நிமிடத்துக்கு 3,200 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று அலகு, ஒரு நொடிக்கு 160 வெட்டு. 'லேசாகப் பட்டது' என்பதெல்லாம் அதில் கிடையாது. ஆள் தண்ணீரில் இருக்கும்போது கியரை நியூட்ரலில் வைத்தால் போதாது, எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஏணி பெரும்பாலும் பின்பக்கம், விசிறிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் இன்னும் கவனம்.

ஓட்டுகிறவரே விழுந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆளில்லாத படகு ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்பி வட்டமடிக்கத் தொடங்கி, விழுந்தவர் மேலேயே திரும்பி வரும். அதற்காகத்தான் கில் ஸ்விட்ச் என்று சிவப்புச் சுருள் கயிறு தருகிறார்கள், ஒரு முனை எஞ்சினில், ஒரு முனை உங்கள் ஜாக்கெட்டில், விழுந்தால் கயிறு பிடுங்கி எஞ்சின் நின்றுவிடும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் 1 முதல் 26 அடிக்குக் குறைவான விசைப்படகில் வேகமாகப் போகும்போது அதை மாட்டியிருப்பது கட்டாயம். ஸ்டியரிங்கில் அழகாகச் சுற்றி வைத்திருக்கிற கயிறுகளைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

தம்பிக்கு இன்னொன்றும் சொல்லுங்கள். ஓடும் எஞ்சினுக்குப் பின்னால், நீச்சல் பலகையில் உட்கார்ந்துகொண்டோ தொங்கிக்கொண்டோ வருவது வேண்டாம். புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, வாசனை கிடையாது, திறந்த வெளியிலும் மயக்கும், மயங்கியவர் நேரே தண்ணீருக்குள்.

கே: ஒரே ஒரு பீர்? — பெயர் வேண்டாம்

ப: கரைக்கு வந்த பிறகு. 2023-இல் அதே அமெரிக்கக் கணக்கில், உயிர்ப்பலி விபத்துகளின் காரணங்களில் முதலிடம் மதுவுக்குத்தான், 79 பேர். வெயில், காற்று, எஞ்சின் அதிர்வு, ஆட்டம் எல்லாம் சேர்ந்து தண்ணீரில் ஒரு பீர் தரையில் குடித்த மாதிரி இருக்காது.

கே: கூட வந்தவர் விழுந்துவிட்டார், நான் உடனே குதித்தேன். அப்புறம் இரண்டு பேரையும் வேறு படகுக்காரர்கள்தான் தூக்கினார்கள். நான் செய்தது சரியா? — ஒரு நண்பன்

ப: நண்பனாகச் சரி. படகில் மிச்சமிருந்த ஒரே ஓட்டுநராகத் தப்பு. மூழ்குகிறவர் கையில் எது கிடைத்தாலும் அதன் மேல் ஏறப் பார்ப்பார், கிடைப்பது உங்கள் தலையாக இருந்தால் தலை மேல். முதலில் கத்துங்கள், ஒருவர் கண்ணை எடுக்காமல் அவரையே கையால் சுட்டிக்கொண்டிருக்கட்டும், அலையில் ஒரு தலை எவ்வளவு சீக்கிரம் காணாமல் போகும் என்று பார்த்தால்தான் நம்புவீர்கள். அடுத்து மிதக்கிற எதையாவது எறியுங்கள். வளையம், காலிக் கேன், மூடி போட்ட ஐஸ் பெட்டி, உபரி ஜாக்கெட். துடுப்பை நீட்டுங்கள். படகைக் காற்றுக்கு எதிராகக் கொண்டுவந்து மெல்ல நெருங்கி, பக்கத்தில் வந்ததும் எஞ்சினை அணையுங்கள். நடுவில் பக்கவாட்டில் இழுத்தால் சின்னப் படகு உங்களையும் கொட்டிவிடும், பின்பக்கமாக ஏற்றுங்கள்.

படகே கவிழ்ந்துவிட்டால், அது மிதக்கிற வரை அதை விட்டுப் போகாதீர்கள். கரை தெரிகிற தூரத்தைவிட எப்போதும் தள்ளித்தான் இருக்கும், தேடி வருகிறவர்கள் கண்ணுக்கும் ஒரு தலையைவிட ஒரு படகு சீக்கிரம் படும். குளிர்ந்த தண்ணீர் என்றால் முழங்காலை மார்போடு மடக்கிக் கையைக் கட்டிக்கொண்டு சூட்டைக் காப்பாற்றுங்கள். இந்த நிலையில் ஜாக்கெட் இருந்தால்தான் மிதக்க முடியும், இல்லாதவர் கையைக் காலை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும், அடிக்க அடிக்கச் சூடு போகும். சரி, விசிலும் ஒன்று ஜாக்கெட்டில் கட்டி வையுங்கள், தொண்டை சீக்கிரம் கட்டிவிடும்.

கே: நாய்க்கும் லைஃப் ஜாக்கெட் உண்டாமே, உண்மையா? எங்கள் குடும்பப் படகுப் படம் அனுப்பியிருக்கிறேன். — நாய்ப்பிரியர்

ப: உண்மைதான். முதுகில் பெட்டிப் பிடி மாதிரி ஒரு பிடி இருக்கும், தூக்க வசதி. எல்லா நாய்க்கும் நன்றாக நீந்த வராது, குட்டைக் காலும் கனத்த மார்பும் உள்ளவை சீக்கிரம் களைத்துவிடும், வழுக்குகிற படகு ஓரத்தில் தானாக ஏறவும் எந்த நாயாலும் முடியாது. நீங்கள் வாங்கியது அளவும் சரி, வயிற்றுப் பட்டையும் சரியாகப் பூட்டியிருக்கிறீர்கள், மஞ்சள் நிறம் தூரத்தில் தெரியும்.

படத்தை இன்னொரு முறை பார்த்தேன். படகில் ஐந்து பேர். நாய் மட்டும்தான் போட்டிருக்கிறது.